கறவை மாட்டின் வயிற்றில் கம்பி, ஆணி, பாலிதீன் பை!

நேற்று வரை ஆறு லிட்டர் கறந்த பசு இன்று காலை இரண்டு லிட்டர் கூடக் கறக்கவில்லை. தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கி நிற்கிறது. அசை போடவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு நிற்கிறது. படுக்கும்போதும் எழும்போதும் முனகுகிறது.

இப்படி ஒரு மாடு நின்றால் கிராமத்தில் யோசனைக்குப் பஞ்சமில்லை. கண்ணேறு என்பார் ஒருவர். செரிக்கவில்லை, எண்ணெய் ஊற்றிவிடு என்பார் மற்றொருவர். இஞ்சி, பெருங்காயம், வெற்றிலை, மிளகு என்று கை வைத்தியம் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். மூன்று நாள், நான்கு நாள் இப்படியே கழிந்துவிடும். அதற்குள் மாட்டின் வயிற்றில் கிடக்கும் ஒரு விரல் நீளக் கம்பித் துண்டு இருதயத்தை நோக்கி நகர்ந்திருக்கக் கூடும்.

ஒரே ஒரு பசுவை வைத்துக்கொண்டு, சங்கத்துக்குப் பால் ஊற்றி வரும் பணத்தில் வீட்டுச் செலவை நடத்தும் குடும்பங்கள் ஏராளம். அந்தப் பசு போனால் வருமானம் போகும்; மாடு வாங்கிய கடன் மட்டும் நிற்கும். ஆகவே இந்தக் கோளாறைப் பற்றிச் சிறு விவசாயிகள் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

மாடு ஏன் விழுங்குகிறது?

நாய் தின்னக் கூடாததைத் தின்றுவிட்டால் பெரும்பாலும் வாந்தி எடுத்து வெளியே தள்ளிவிடும். ஆடு தன் மெல்லிய உதட்டால் இலை இலையாகப் பொறுக்கித் தின்னும். மாட்டுக்கு இந்த இரண்டு வசதியும் இல்லை.

மாட்டுக்கு மேல்தாடையின் முன்பக்கம் பற்கள் கிடையாது. நாக்கை நீட்டி, புல்லையோ வைக்கோலையோ சுருட்டி இழுத்து, அரைகுறையாக மென்று விழுங்கிவிடும். நாக்கின் மேல் உள்ள முட்கள் போன்ற பகுதி உட்பக்கமாகச் சாய்ந்திருப்பதால், வாய்க்குள் போன பொருளை வெளியே தள்ளுவது அதற்குக் கடினம். நிதானமாக மெல்லுவது பிறகு அசை போடும்போதுதான். ஆனால் அசை போடும்போது மேலே வருவது ஊறிய தீவனம் மட்டுமே. கனமான இரும்பு அடியிலேயே தங்கிவிடும். எருமைக்கும் இதே நிலைதான்.

தேன்கூட்டு வயிறு

மாட்டின் இரைப்பை நான்கு அறைகள் கொண்டது. முதல் அறையான பெருவயிறு, வளர்ந்த மாட்டில் நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். அதற்கு முன்னால், நெஞ்சுப் பக்கமாக இருக்கும் சிறிய அறையின் உட்சுவர் தேன்கூடு போலக் கண்ணறைகளாக இருக்கும். இதைத் தேன்கூட்டு வயிறு என்பார்கள். கனமான பொருள்கள் எல்லாம் வந்து தங்கும் இடம் இதுதான்.

உருண்டையான கல்லோ, நாணயமோ விழுந்தால் பல ஆண்டுகள் அப்படியே தொல்லையில்லாமல் கிடக்கலாம். கூர்மையான கம்பி, ஆணி, ஊசி விழுந்தால்தான் ஆபத்து. தேன்கூட்டு வயிறு ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு முறை சுருங்கி விரிகிறது. ஒவ்வொரு சுருக்கத்திலும் கம்பியின் கூர்முனை கண்ணறைச் சுவரில் அழுந்துகிறது. ஒரு நாள் அது சுவரைத் துளைத்துவிடும். அந்தத் துளை வழியாக வயிற்றிலுள்ள கிருமிகள் வெளியேறிச் சீழ் பிடிக்கும்.

இந்த அறைக்கு முன்னால் இருப்பது உதரவிதானம் என்னும் மெல்லிய தசைத் திரை. அதைத் தாண்டினால் சில அங்குலத்துக்குள் இருதயம். கம்பி அந்தத் திரையையும் துளைத்துக்கொண்டு இருதய உறையைத் தொட்டுவிட்டால் மாடு பிழைப்பது அரிது.

சினை மாட்டுக்கு இந்த அபாயம் அதிகம். கர்ப்பப்பை பெருகப் பெருகப் பெருவயிற்றை முன்னால் தள்ளுகிறது. கன்று ஈனும்போது மாடு முக்குகிறது. அதுவரை சும்மா கிடந்த கம்பியும் அந்த அழுத்தத்தில் குத்திவிடும். நிறைமாதத்திலும், ஈன்ற சில நாட்களிலும் மாடு திடீரென்று தீவனம் எடுக்காமல் போனால் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கம்பி எங்கிருந்து வருகிறது?

மாடு இரும்பைத் தேடிப் போய்த் தின்பதில்லை. தீவனத்தோடு கலந்து நாமே கொடுப்பதுதான் பெரும்பாலும்.

வீடு கட்டும்போது சிந்தும் கட்டுக்கம்பித் துண்டு முதல் எதிரி. கூரை மாற்றும்போதும், பந்தல் பிரிக்கும்போதும் ஆணிகள் மண்ணில் விழுகின்றன. அந்த இடத்திலேயே வைக்கோலைப் போட்டு மாட்டைக் கட்டுகிறோம்.

வேலிக் கம்பி துருப்பிடித்து ஒடிந்து புல்லுக்குள் கிடக்கும். புல்லை அறுக்கும்போது அதுவும் கட்டோடு வரும். தீவனம் நறுக்கும் கருவிக்குள் அந்தக் கம்பி போனால், இரண்டு பக்கமும் கூரான சிறு துண்டுகளாகிவிடும். நீளக் கம்பியை விட இந்தத் துண்டுகள்தான் எளிதில் விழுங்கப்படுகின்றன.

கழுநீர்த் தொட்டியும் கவனிக்க வேண்டிய இடம். அரிசி கழுவிய நீர், காய்கறித் தோல், மீந்த சோறு எல்லாம் அதில் சேரும். அதோடு ஊக்கு, கொண்டை ஊசி, தையல் ஊசி, பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் ஆகியவையும் விழுந்துவிடுவதுண்டு.

பழைய டயரை எரித்த இடமும் ஆபத்தானது. ரப்பர் எரிந்துபோகும், உள்ளே இருந்த மெல்லிய எஃகுக் கம்பிகள் மண்ணோடு கலந்து கிடக்கும். போகி அன்று டயர் கொளுத்திய தெருவோரத்தில் மறுநாள் மாடு மேய்வதைப் பார்க்கலாம். கம்பி வைத்துக் கட்டிய பூமாலைகளைக் குப்பையில் போடுவதும் அப்படியே.

அறிகுறிகள்

கம்பி குத்திய முதல் இரண்டு மூன்று நாட்களில் தெரியும் அடையாளங்கள் இவை:

பால் ஒரே நாளில் திடீரென்று குறையும். தீவனம் எடுக்காது, அசை போடுவது நின்றுவிடும்.

முதுகு வளைந்து, வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கும். முன்னங்கால் முழங்கைகள் உடம்பை விட்டு வெளிப்பக்கமாக விலகியிருக்கும். நெஞ்சில் அழுத்தம் படாமலிருக்க மாடு இப்படிச் செய்கிறது.

நடக்கத் தயங்கும். மேட்டில் ஏறும், பள்ளத்தில் இறங்க மறுக்கும். திரும்பும்போது உடம்பை வளைக்காமல் மரக்கட்டை போல் திரும்பும்.

படுக்கும்போதும், எழும்போதும், சாணம் போடும்போதும் முனகும். சாணம் கொஞ்சமாகவும் கெட்டியாகவும் வரும்.

காய்ச்சல் இருக்கும், ஆனால் பெரும் காய்ச்சலாக இராது. மாட்டின் சாதாரண உடல் வெப்பம் 101 முதல் 102 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். இந்த நோயில் 103, 104 வரை போகலாம்.

சில நாள் சென்றதும் காய்ச்சலும் முனகலும் தணிந்து, மாடு தேறிவிட்டது போலத் தோன்றும். ஏமாந்துவிடக் கூடாது. மறுபடியும் தீவனம் குறைவது, அடிக்கடி வயிறு உப்புவது, நாளுக்கு நாள் இளைப்பது என்று நோய் உள்ளே நீடித்துக்கொண்டிருக்கும்.

தாடைக்குக் கீழேயும், கழுத்துத் தொங்குதாடியிலும், முன்னங்கால்களுக்கு நடுவேயும் நீர் கோத்து வீங்குவதும், கழுத்து நரம்பு கயிறு போலப் புடைத்து நிற்பதும் கடைசிக் கட்டத்தின் அடையாளங்கள். இருதய உறையில் சீழ் சேர்ந்துவிட்டது என்று பொருள். அந்த நிலையில் வைத்தியம் பெரும்பாலும் பலிப்பதில்லை.

வீட்டிலேயே பார்க்கும் சோதனை

மாட்டின் திமிலுக்குப் பின்னால் முதுகுத் தோலை இரண்டு கையாலும் பிடித்து நன்றாகக் கிள்ள வேண்டும். நலமாக உள்ள மாடு உடனே முதுகைக் கீழே பள்ளமாக்கிக் கொடுக்கும். கம்பி குத்திய மாடு முதுகைத் தாழ்த்தாது. விறைத்து நின்று முனகும்.

இன்னொரு சோதனையும் உண்டு. முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்செலும்பு முடியும் இடத்தில் ஒரு மூங்கில் கழியை வைத்து, இரு பக்கமும் இருவர் பிடித்து மெதுவாகத் தூக்கிச் சட்டென்று தாழ்த்துவது. வலி இருந்தால் மாடு முனகும். இதைக் கால்நடை டாக்டர் பார்த்துக்கொள்வதே நல்லது. தெரியாதவர்கள் திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்த்து மாட்டை வதைக்கக் கூடாது.

சாதாரண செரிமானக் கோளாறுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு வலிதான். செரிக்காத மாடு சோர்ந்து நிற்கும். முதுகைக் கூனி முனகாது. தீவனம் மாற்றியதாலோ, அளவு கூடியதாலோ வந்த சாதாரண மந்தம் பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகும்.

செய்யக் கூடாதவை

பேதிக்குக் கொடுப்பது, லிட்டர் கணக்கில் எண்ணெய் ஊற்றுவது ஆகியவற்றால் சுவரில் குத்தியிருக்கும் கம்பி வெளியே வராது. சோர்ந்த மாட்டின் வாயைப் பிளந்து ஊற்றும் மருந்து மூச்சுக் குழலில் இறங்கி, நுரையீரல் கெட்டு மாடு சாவதும் உண்டு.

நோயுள்ள மாட்டை மருந்தகத்துக்கு மைல் கணக்கில் நடத்திச் செல்லக் கூடாது. ஓட்டுவதும், உருட்டுவதும் கூடாது. ஒவ்வொரு அசைவும் கம்பியை மேலும் உள்ளே தள்ளலாம். டாக்டரை வீட்டுக்கு அழைத்து வருவதே நல்லது. தமிழ்நாட்டில் கால்நடை ஆம்புலன்சை அழைக்க 1962 என்ற எண் உள்ளது. மாட்டை ஏற்றிச் செல்வதைத் தவிர்க்க முடியாவிட்டால், வண்டியில் வைக்கோலைத் தடிமனாகப் பரப்பி, குலுங்காமல் கொண்டு போக வேண்டும்.

டாக்டர் வரும்வரை மாட்டைச் சமதளத்தில் நிறுத்தாமல், முன்னங்கால்கள் அரை அடி மேடாக இருக்கும்படி மண்ணோ பலகையோ போட்டுக் கட்டலாம். குடல் பாரம் பின்னால் சரிவதால் முன்பக்க அழுத்தம் குறையும்.

சிகிச்சை

நோய் தொடங்கிய ஓரிரு நாளில் காட்டினால், கிருமிகளைக் கொல்லும் ஊசி போட்டு, காந்தம் ஒன்றை விழுங்கவைத்து, மாட்டை அசையாமல் மேட்டில் கட்டி வைத்துப் பார்ப்பார்கள். பல மாடுகள் இதிலேயே தேறிவிடும். ஊசி போட்ட மாட்டின் பாலை எத்தனை நாள் விற்கக் கூடாது என்று டாக்டரிடம் கேட்டு, அதன்படி நடக்க வேண்டும்.

சில நாட்களில் குணம் தெரியாவிட்டால் அறுவை சிகிச்சைதான் வழி. ஆபரேஷன் என்றதும் அஞ்ச வேண்டியதில்லை. இடது விலாப் பக்கம் மட்டும் மரத்துப் போக ஊசி போட்டு, மாட்டை நிற்க வைத்தபடியே செய்வார்கள். தோலையும் தசையையும் அறுத்து, பெருவயிற்றைத் திறந்து, கையை உள்ளே விட்டுத் தேன்கூட்டு வயிற்றில் தடவி, குத்தியிருப்பதைப் பிடுங்கி எடுப்பார்கள். பிறகு தைத்துவிடுவார்கள். தையல் ஆறும் வரை மாட்டை உலர்ந்த சுத்தமான இடத்தில் கட்டி, டாக்டர் சொன்னபடி மெல்லிய பசுந்தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். இருதயத்தைத் தொடும் முன்பே செய்த அறுவைக்குப் பின் மாடு மீண்டும் கறவைக்கு வந்துவிடும்.

இந்த அறுவை எல்லா ஊர் மருந்தகத்திலும் நடப்பதில்லை. சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. எங்கே கொண்டு போக வேண்டும் என்பதை உள்ளூர்க் கால்நடை டாக்டரே சொல்வார்.

காந்தம் தரும் காவல்

கம்பி குத்தும் முன்பே காத்துக்கொள்ள எளிய வழி காந்தம். விரல் நீளமும் விரல் பருமனும் உள்ள, முனை மழுங்கிய காந்தத்தை மாட்டின் வாய் வழியாக விழுங்கவைக்கிறார்கள். அது தேன்கூட்டு வயிற்றில் போய்த் தங்கும். பிறகு வரும் ஆணி, கம்பித் துண்டு எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும், சுவரைக் குத்தாது.

ஒரு வயது தாண்டிய கிடேரிக்கு ஒரு முறை கொடுத்தால் ஆயுள் முழுவதும் போதும். மாட்டுக்கு ஒன்றுதான், இரண்டாவது கொடுக்கக் கூடாது. விலைக்கு வாங்கிய மாட்டுக்கு முன்பே காந்தம் கொடுத்திருக்கிறார்களா என்று அறிய, திசைகாட்டியை முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சடியில் பிடித்தால் முள் அசைந்து காட்டிக்கொடுக்கும்.

ரேடியோ ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை உடைத்துக் கொடுப்பது கூடாது. அதன் கூர் விளிம்பே வயிற்றைக் கிழிக்கும். காந்தம் கால்நடை டாக்டர் கையால் கொடுக்கப்பட வேண்டியது. செம்பு, அலுமினியம், பிளாஸ்டிக் ஆகியவற்றைக் காந்தம் பிடிக்காது என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

பாலிதீன் பை: மெல்லக் கொல்லும்

கம்பி வேகமாகத் தாக்கும். பாலிதீன் பை மாதக் கணக்கில் மெல்ல மெல்லக் கொல்லும். மீந்த சோற்றையும் பழத்தோலையும் பையில் போட்டு முடிச்சுப் போட்டு எறிகிறார்கள். மாட்டுக்கு முடிச்சை அவிழ்க்கத் தெரியாது, பையோடு விழுங்குகிறது.

வைக்கோலைக் கூடச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் பெருவயிற்றில் கோடிக்கணக்கில் உண்டு. பிளாஸ்டிக்கை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. பைகளும், நைலான் கயிறும், சாக்கு நூலும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு பந்தாகிவிடும். தீவனத்துக்கு இடமில்லாமல் போகும்.

2019 அக்டோபரில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக் எடுக்கப்பட்டது. அறுவை ஐந்து மணி நேரத்துக்கும் மேல் நடந்தது. ஒரு மூட்டை நெல்லின் எடையைச் சுமந்துகொண்டு அந்தப் பசு நடமாடியிருக்கிறது.

வயிறு பெருத்தும் உடம்பு இளைத்தும் இருப்பது, இரண்டு வாய் தின்றுவிட்டு விலகுவது, இடது பக்க வயிறு அடிக்கடி உப்பி, மருந்தில் தணிந்து, மீண்டும் உப்புவது ஆகியவை இதன் அடையாளங்கள். இதைக் கரைக்க மருந்து கிடையாது. அறுவை ஒன்றே வழி.

தமிழ்நாட்டில் ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. 2021 டிசம்பரில் மஞ்சப்பைத் திட்டமும் வந்தது. ஆனாலும் குப்பை மேட்டில் பைகள் கிடக்கத்தான் செய்கின்றன. காலையில் கறந்துவிட்டு மாட்டைத் தெருவில் அவிழ்த்துவிடும் பழக்கம் இருக்கும் வரை இந்த ஆபத்து தீராது.

துணி மெல்லும் மாடு

சில மாடுகள் கொடியில் காயும் துணியை இழுத்து மெல்லும், எலும்பைக் கடிக்கும், மண்ணை நக்கும். இதைக் கெட்ட பழக்கம் என்று அடிப்பதில் பயனில்லை. பாஸ்பரஸ் முதலிய தாது உப்புக் குறைவும், குடற்புழுவும், அரைவயிற்றுப் பசியும் இதற்குக் காரணமாகும். வளர்ந்த மாட்டுக்குத் தினமும் 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவையும், 30 கிராம் சாதாரண உப்பும் தீவனத்தில் கலந்து கொடுக்க வேண்டும். டாக்டர் சொல்லும் இடைவெளியில் குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும். வயிறு நிறைந்த மாடு குப்பையைத் தேடாது.

தடுக்கும் வழிகள்

தவிடு, பிண்ணாக்கைச் சலித்துப் போடுவது நலம். வைக்கோலை உதறிப் போட வேண்டும். இயந்திரத்தில் கட்டிய வைக்கோல் கட்டாக இருந்தால், கட்டியிருக்கும் நைலான் நூலை முழுவதும் உருவி எடுத்துவிட்டே பிரிக்க வேண்டும்.

கழுநீர்த் தொட்டிக்கு மேல் ஒரு சல்லடையையோ, பழைய மூங்கில் கூடையையோ வைத்து வடித்து ஊற்றினால் ஊசியும் ஊக்கும் அதில் நின்றுவிடும். அதில் தங்கும் காய்கறித் தோலைக் கையால் கிளறிப் பார்த்த பிறகே மாட்டுக்குப் போட வேண்டும்.

மாட்டுக்குக் கொடுக்க உதவாத ஸ்பீக்கர் காந்தம் இங்கே உதவும். அதைக் கயிற்றில் கட்டி, கட்டடம் கட்டிய இடத்திலும், கூரை பிரித்த இடத்திலும், தொழுவ வாசலிலும் மண்ணோடு இழுத்து வந்தால், கண்ணுக்குத் தெரியாத ஆணியும் கம்பியும் ஒட்டிக்கொண்டு வரும்.

வேலி கட்டும்போது வெட்டிய கம்பித் துண்டுகளை ஒரு தகர டப்பாவில் சேர்த்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம். பழைய பேட்டரியை மாடு நக்கும் இடத்தில் வைக்கக் கூடாது. அதிலுள்ள ஈயம் விஷம்.

கொத்தனாரும், தச்சரும், பந்தல்காரரும் வேலை முடித்துப் போகும் முன் அந்த இடத்தைப் பெருக்கிக் கொடுக்கும்படி கேட்பது தவறில்லை. கம்பி கிடக்கும் இடம் அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இத்தனையும் செய்த பிறகும் ஒரு நாள் பால் திடீரென்று குறைந்து, மாடு முதுகைக் கூனி நின்றால், கை வைத்தியத்தில் நாளைக் கழிக்காமல் அன்றே கால்நடை டாக்டருக்குச் சொல்லியனுப்ப வேண்டும். முதல் இரண்டு நாளில் காட்டிய மாட்டைக் காப்பாற்றுவது எளிது. தொங்குதாடி வீங்கிய பிறகு காட்டிய மாட்டுக்கு டாக்டராலும் செய்ய முடிவது அதிகமில்லை.